சர்வீஸுக்குப் போன மிஷின்கள்

மில்லர்புரம், தூத்துக்குடி
14 ஜூலை 2024

அன்புத் தம்பி பெவினுக்கு அக்கா ஜெபசுதா எழுதுவது.

ஆண்டவர் தயவில் நானும் மகள் கிருபையும் சுகமாக இருக்கிறோம். ராஞ்சிப் பக்கத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா? போன ஞாயிறு நாசரேத்துக்குப் போய் உன் பெண்டாட்டியைப் பார்த்தேன். ஷெர்லிக்கு வாந்தி நின்றுவிட்டது, மீன்குழம்பு கேட்டுச் சாப்பிட்டாள். டிசம்பரில் பிள்ளை வந்துவிடும் என்று டாக்டர் சொன்னாராம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். யூனிட் வாசலில் மூன்று நாளாக லாரி நிற்கிறது. மூன்றாம் லைன் தையல் மிஷின் இருபத்திரண்டையும் ஏற்றிக்கொண்டு போக வந்திருக்கிறது. ஹெச்.ஆர். சிவப்பிரகாஷ், "டிசம்பர் வெள்ளத்துல நனைஞ்ச மிஷினுக, கோயம்புத்தூருக்கு சர்வீஸுக்குப் போவுது, ரெண்டு மாசத்துல வந்துரும்" என்கிறான். நம்பச் சொல்கிறான். அந்த வெள்ளத்தில் மிஷின் தலைகளைக் கழற்றி, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, முழங்கால் தண்ணீரில் மாடிக்குச் சுமந்தது நாங்கள்தான். நனைந்தது நாங்களா மிஷினா என்று எங்களுக்குத் தெரியாதா?

மூன்று லைனிலும் சேர்த்து அறுபத்திரண்டு பேரும் லாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டோம். காயல்பட்டினத்திலிருந்து வரும் ரஹ்மத்துன்னிஸா லாத்தா உனக்குத் தெரியும். "ஏளா, மிஷின் உள்ள கெடக்குத வரைக்கும்தான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. அது வெளிய போச்சுன்னா நம்மளக் கேக்க நாதி கெடையாது" என்று சொல்லிவிட்டாள். அவள் சொல்வது எனக்கும் சரியாகத்தான் படுகிறது. ஆனால் பாதிப் பேருக்கு வீட்டில் அடுப்பு எரியவேண்டும். அவர்கள் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

நீ கம்பெனி மெக்கானிக். மே மாதம் உன்னைத்தான் அங்கே புதுக் கிளைக்கு அனுப்பினார்கள். உனக்குத் தெரியாமல் ஒரு போல்ட் கழலாது. ஃபோனில் கேட்டால், "அக்கா, சிக்னல் இல்ல" என்று வைத்துவிடுகிறாய். அதனால் கைப்பட எழுது. மிஷின் திரும்பி வருமா வராதா? நீ எழுதுவதை அப்படியே எல்லோருக்கும் வாசித்துக் காட்டப் போகிறேன். "எந் தம்பி எழுதுவான், அவன் பொய் சொல்ல மாட்டான்" என்று கேட்டில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் எழுது.

அக்கா
ஜெபசுதா


ராஞ்சி
22 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தாங்களும் கிருபையும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் லைன் மிஷின்கள் வெள்ளத்தில் பாதிக்கப்பட்டதால் முழு சர்வீஸ் தேவைப்படுகிறது. சர்வீஸ் முடிந்து இரண்டு மாதத்திற்குள் அவை தூத்துக்குடி யூனிட்டுக்கே திரும்பும். இது சம்பந்தமாக யாரும் கவலைப்படத் தேவையில்லை. வேலைக்கு எந்தப் பாதிப்பும் இருக்காது. அனைவரும் நிர்வாகத்துடன் ஒத்துழைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இங்கே மழை அதிகம். சாப்பாடு பரவாயில்லை.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
பெவின்


மில்லர்புரம்
3 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு,

ஸ்தோத்திரம். கடிதம் கிடைத்த அன்றைக்கே, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு டிரம் மேல் ஏறி நின்று வாசித்தேன். கேட்காதவர்களுக்காக இரண்டாம் தடவை. ஓவர்லாக் மிஷின் செல்லக்கிளிக்கு மட்டும் தனியாக மூன்றாம் தடவை, அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். வாசித்து முடித்ததும் எல்லோரும் சேலையைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். டிரைவர் செல்வதுரை அண்ணாச்சி, "உங்க புண்ணியத்துல இன்னைக்காவது வீட்டுக்குப் போவேன்" என்று கும்பிட்டார். சாயங்காலத்துக்குள் இருபத்திரண்டு மிஷினும் ஏறிவிட்டன.

ரஹ்மத் லாத்தா மட்டும் கடிதத்தை வாங்கிப் பார்த்தாள். "ஒன் தம்பி எப்பவும் இப்பிடித்தான் எழுதுவானா? ஆபீஸ் நோட்டீஸ் மாதிரில்லா இருக்கு" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஐ.டி.ஐ. படித்தவன் அப்படித்தான் எழுதுவான் என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

என் நாற்பத்தேழாம் நம்பர் மிஷினும் போயிருக்கிறது. மேசைக்கு அடியில் இருக்கும் சின்ன டிராயரில் என் வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து நான் எடுத்த வசனம், 'நான் உன்னை விட்டு விலகுவதுமில்லை, உன்னைக் கைவிடுவதுமில்லை.' வருஷா வருஷம் வந்த அட்டையை அதில்தான் ஒட்டுவேன், உனக்குத் தெரியும். இரண்டு மாதத்தில் வரப்போகிற மிஷின்தானே என்று கழற்றாமல் விட்டேன்.

அந்த டிராயரில் எனக்கு முன்னாலேயே ஒரு பெயர் ஊசியால் கீறியிருக்கும், சொல்லியிருக்கிறேனா? 'மாரக்காள், திருப்பூர்.' 2013இல் நான் சேர்ந்த அன்றே பார்த்தேன். பழைய மிஷினைத் தலையில் கட்டிவிட்டார்களே என்று மட்டும்தான் அன்றைக்குத் தோன்றியது.

ஷெர்லிக்கு மாம்பழம் அனுப்பியிருக்கிறேன். உன் சுகத்துக்கு எழுது.

அக்கா ஜெபசுதா


மில்லர்புரம்
29 ஆகஸ்ட் 2024

பெவினுக்கு,

நாங்கள் சுகம். போன கடிதத்துக்குப் பதில் இல்லையே, கை சுளுக்கிவிட்டதா?

இப்போது இரண்டாம் லைனையும் சர்வீஸ் என்கிறான் சிவப்பிரகாஷ். யாராவது வாயைத் திறந்தால் உன் கடிதத்தை ஃபோனில் எடுத்து வைத்திருப்பதைக் காட்டுகிறான். "உங்க ஜெபசுதாவோட தம்பியே எழுதியிருக்கான்லா" என்கிறான். நான் டிரம் மேல் நின்றபோது எடுத்திருக்கிறான்.

மூன்றாம் லைன் ஆட்களுக்கு ஒரு தாள் நீட்டினான். மிஷின் வரும்வரை வீட்டில் இருங்கள், வந்ததும் கூப்பிடுகிறோம், அதற்கு ஒரு கையெழுத்து என்றான். முழுக்க இங்கிலீஷ். மற்ற இருபத்தொரு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான்தான் முதலில் போட்டேன். நான் போட்டதைப் பார்த்து அவர்களும் போட்டார்கள். ரஹ்மத் லாத்தா முதல் லைன், அவளுக்குத் தாள் வரவில்லை. வந்திருந்தாலும் போட்டிருக்க மாட்டாள்.

இரண்டு மாதம் என்று எழுதினாயே, என்றைக்கிலிருந்து கணக்கு? மிஷின் கோயம்புத்தூரில் எந்தப் பட்டறையில் நிற்கிறது? பெயர் எழுது. இங்கே வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்.

அக்கா


ராஞ்சி
10 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். இங்கே மழை விடவில்லை. ஷெட்டுக்குப் போகும் வழியெல்லாம் செம்மண் சேறு, ஷூ இரண்டு நாளில் ஊறிவிடுகிறது. அரிசி நம் ஊர் அரிசி போல இல்லை. கொஞ்சம் சளி பிடித்திருந்தது, இப்போது தேவலை. கிருபைக்குப் பரீட்சை எப்போது?

கவரில் ஒன்று வைத்திருக்கிறேன். அது உன்னிடம் இருக்கவேண்டும் என்று தோன்றியது.

தம்பி
பெவின்


மில்லர்புரம்
17 செப்டம்பர் 2024

டேய் பெவின்,

ஸ்தோத்திரமும் கிடையாது, சுகமும் கேட்கப் போவதில்லை.

கவரைப் பிரித்தேன், என் வாக்குத்தத்த அட்டை விழுந்தது. மூலையில் மிஷின் எண்ணெய்க் கறை அப்படியே இருக்கிறது. கோயம்புத்தூர் போன மிஷின் டிராயரில் இருந்த அட்டை ராஞ்சியில் உன் கைக்கு எப்படியடா வந்தது? சளி, சேறு, ஷூ என்று அரைப் பக்கம் எழுதத் தெரிந்த உனக்கு ஒரு வரி எழுத வரவில்லையா? வசனத்தை நீயும் படித்திருப்பாய். அதைக் கவரில் போடும்போது உனக்கு உறைக்கவில்லையா?

கையெழுத்துப் போட்ட தாளின் நகலைக் கிருபையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்துவிட்டு, "அம்மா, இது ராஜினாமா. சொந்த விருப்பத்துல வேலைய விடுதேன்னு எழுதியிருக்கு" என்றாள். இருபத்திரண்டு பேர் சொந்த விருப்பத்தில் வேலையை விட்டிருக்கிறோம். யார் பேச்சைக் கேட்டு? என் பேச்சை. நான் யார் பேச்சைக் கேட்டேன்?

மூன்று தடவை வாசித்தேனடா அந்தக் கடிதத்தை. காது கேட்காதவளுக்குத் தனியாக வாசித்தேன். லாத்தா ஒரே பார்வையில் கண்டுபிடித்தாள், நான் அவள் மேல் எரிந்து விழுந்தேன். எப்போதிலிருந்து நான் உனக்கு 'தாங்கள்' ஆனேன்? அம்மா போன பிறகு உன்னைக் குளிப்பாட்டி, தலை சீவி ஸ்கூலுக்கு அனுப்பியவள் நான். எந்த மிஷினில் உட்கார்ந்து தைத்து உன்னை ஐ.டி.ஐ. படிக்கவைத்தேனோ, அதே மிஷினை நீ கழற்றி ஏற்றச் சொல்லியிருக்கிறாய்.

எனக்கு ஒன்று புரியவில்லை, அதையும் சொல். ஷெட்டிலிருந்து ஹார்பர் அரைமணி நேரம். காலையில் தைத்து முடித்தால் சாயங்காலம் கப்பலில் ஏறிவிடும். இதை விட்டுவிட்டுக் கடலே இல்லாத ஊருக்கு எதற்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்? எங்கள் தையலில் என்ன குறை? ஒரு பீஸ் திரும்பி வந்ததுண்டா? வெள்ளத்தில் வீடு மூழ்கிக் கிடந்தபோது கம்பெனி மிஷினைக் காப்பாற்றப் போனோமே, அந்தப் புத்தியை எதால் அடிக்க?

இனி எல்லோரையும் பார்க்கவேண்டும். எந்த முகத்தோடு போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. நீ பதில் எழுதினாலும் எழுதாவிட்டாலும் எனக்கு ஒன்றுதான்.

ஜெபசுதா


ராஞ்சி
2 அக்டோபர் 2024

அக்கா,

நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. ஆறு தாளைக் கிழித்துப்போட்டு இது ஏழாவது.

முதல் கடிதத்தில் என் பெயரைத் தவிர எல்லாம் சிவப்பிரகாஷ் சொன்னது. கேட்டில் நீ சத்தமாகச் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. அன்று சாயங்காலமே கூப்பிட்டான். என்ன எழுதவேண்டும் என்று வாட்ஸாப்பில் அனுப்பினான். எழுதினால் மெயின்டனன்ஸ் இன்சார்ஜ், ஷெர்லிக்கும் பிள்ளைக்கும் குவார்ட்டர்ஸ். எழுதாவிட்டால் வேலை ஆகஸ்டோடு சரி. நான் எழுதினேன். பயந்து எழுதினேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. இன்சார்ஜ் ஆகவும் ஆசைப்பட்டேன்.

மிஷின்கள் கோயம்புத்தூருக்குப் போகவே இல்லை. நேராக இங்கே வந்தன. பெட்டியைத் திறந்தவன் நான்தான்.

ஏன் இங்கே என்று கேட்டாய். மீட்டிங்கில் அவர்கள் பேசியதை வைத்துச் சொல்கிறேன். உங்கள் தையலில் ஒரு குறையும் இல்லை, அதைப் பற்றி யாரும் பேசவே இல்லை. இங்கே ஒரு பெண்ணுக்கு உங்களுக்குத் தருவதில் பாதி கொடுத்தால் வரிசையில் நிற்கிறார்கள். அந்தப் பாதியிலும் ஒரு பங்கை இந்த அரசாங்கம் சில வருஷத்துக்குக் கம்பெனிக்குத் திருப்பித் தருகிறது. இடத்துக்கு, கரண்டுக்கு எல்லாம் சலுகை. அதன் முன்னால் துறைமுகத்துக்கு லாரி ஓட்டும் செலவு ஒன்றுமே இல்லையாம். போதாக்குறைக்கு வெள்ளம் வந்த பிறகு துணி வாங்கும் வெளிநாட்டுக்காரன் எல்லாத் தையலும் ஒரே கடற்கரையில் இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டான். நீங்கள் மிஷினைக் காப்பாற்றிய அந்த வெள்ளத்தைக் காட்டித்தான் மிஷினைக் கேட்டார்கள்.

நம் ஊருக்கும் இப்படித்தானே வந்தது அக்கா. திருப்பூரில் கூலி ஏறியது, ஆள் கிடைக்கவில்லை. சாத்தான்குளம், எட்டயபுரம் பக்கமெல்லாம் வேலையில்லாமல் பெண்பிள்ளைகள் இருந்தீர்கள். வேன் அனுப்பிக் கூட்டிக்கொண்டார்கள். நூற்பாலையைப் பெயர்க்க நாளாகும். தையல் மிஷினுக்கு நாலு போல்ட்தான். இங்கே சலுகை முடிந்தால் அடுத்தது எங்கே என்று இப்போதே வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

நாற்பத்தேழில் ஃபூல்மணி என்ற பிள்ளையை உட்காரவைத்திருக்கிறார்கள். பத்தொன்பது வயது. நம்மைப் போல வேதக்காரர்கள். டிராயரில் உன் அட்டையைப் பார்த்து, சிலுவைப் படம் இருந்ததால் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்து, "என்ன எழுதியிருக்கு, அண்ணா?" என்று இந்தியில் கேட்டாள். அவளுக்கு அதை வாசித்துச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதனால்தான் உனக்கு அனுப்பினேன். சொல்லாமல் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன், அதுவும் கோழைத்தனம்தான்.

இப்போது சொல்கிறேன். அக்டோபர் 19 சனிக்கிழமை காலை, மீதி எல்லாம் ஏறுகிறது. இரண்டாம் லைன், முதல் லைன், பட்டன் ஓட்டை போடும் காஜா மிஷின் நாலும். காஜா எடுக்காமல் இங்கே ஒரு சட்டைகூட முடியாது, தீபாவளிக்கு அப்புறம் முதல் ஆர்டர் போகவேண்டும். அதனால் அந்த நாலு மிஷின் உள்ளே இருக்கும்வரை அவர்கள் உங்களோடு பேசித்தான் ஆகவேண்டும். இரண்டாம் லைன்காரர்கள் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

இந்தக் கடிதத்தையும் வாசித்துக் காட்டு. அவன் ஃபோட்டோ எடுத்தால் எடுக்கட்டும்.

தம்பி
பெவின்


மில்லர்புரம்
27 அக்டோபர் 2024

பெவினுக்கு,

கிருபையும் நானும் இருக்கிறோம். ஷெர்லிக்கு ஒன்றும் இல்லை, கால் மட்டும் வீங்குகிறது.

உன் கடிதத்தை அதே டிரம் மேல் ஏறி நின்று வாசித்தேன். வாசிப்பதற்கு முன் சொல்லவேண்டியதைச் சொன்னேன்: "எந் தம்பி பொய் எழுதினான். நான் அத வாசிச்சேன். உங்கள எந்திக்க வச்சது நாந்தான்." ஒருத்தி செருப்பைக் கழற்றினாள். எறியவில்லை, கையில் வைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள். செல்லக்கிளி பக்கத்தில் வந்து, "என்ன சொன்னா? என்ன சொன்னா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு மறுபடியும் சொன்னது இருக்கிறதே, அதை நீ வந்து சொல்லியிருக்கவேண்டும்.

லாத்தாதான் கூட்டத்தைப் பிடித்தாள். "அவளத் திட்டுததுக்கு ஆயுசு பூரா கெடக்கு. பத்தொம்பதாந்தேதிக்கு எத்தன நாள் இருக்குன்னு பாருங்க" என்று அதட்டினாள். பதினெட்டாம் தேதி சாயங்காலம் முதல் இரண்டு லைனும் வேனில் ஏறாமல் ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்தது, வீட்டில் இருந்த நாங்களும் போய்ச் சேர்ந்துகொண்டோம். காஜா மிஷின் நாலையும் சுற்றிப் பாய் விரித்தோம். சிவப்பிரகாஷ் கரண்டை நிறுத்தினான், கக்கூஸ் கதவைப் பூட்டினான். போலீஸ் வந்தது, பெண்களைத் தொடப் பயந்து வெளியே நின்றது. செல்வதுரை அண்ணாச்சி லாரியைத் திருப்பி நிறுத்திவிட்டு, "எனக்கு வயித்து வலி" என்று படுத்துவிட்டார். அந்த மனுஷன் டீ வாங்கி ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

நாலாம் நாள் தொழிலாளர் துறை அதிகாரி வந்து உட்கார்ந்தார். மேலிடத்திலிருந்து ஒருவன் விமானத்தில் வந்தான். யூனிட்டை மூடுவதாக அவர்களே எழுதிக் கொடுத்தார்கள். முதல் இரண்டு லைன் நாற்பது பேருக்கும் சட்டப்படி வரவேண்டிய நஷ்டஈடு எல்லாம் வந்துவிட்டது. அதன் பிறகுதான் பாயைச் சுருட்டினோம். காஜா மிஷின் உன்னிடம் வந்துகொண்டிருக்கும்.

மூன்றாம் லைன் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன்.

ஜெபசுதா


ராஞ்சி
12 நவம்பர் 2024

அக்கா,

கடிதம் கிடைத்தது. நீ எழுதாமல் விட்டதை ஷெர்லி ஃபோனில் சொன்னாள். மூன்றாம் லைன் இருபத்திரண்டு பேரும் ராஜினாமா செய்தவர்கள், அவர்களோடு பேச ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்களாமே. உனக்கு ஒன்றும் கிடையாது என்று தெரிந்துதான் நாலு நாளும் அங்கே உட்கார்ந்திருந்தாயா? மற்றவர்கள் உங்களுக்காகப் பேச்சுவார்த்தையை நிறுத்துகிறோம் என்று சொன்னபோது நீதான் கையெழுத்துப் போடச் சொன்னாயாம்.

எனக்கு மெமோ வந்துவிட்டது. கம்பெனி ரகசியத்தை வெளியிட்டேனாம். நவம்பர் 30 கடைசி நாள். அதுவரை காஜா மிஷினைப் பூட்டிக் கொடுக்கவேண்டும், பூட்டத் தெரிந்தவன் வேறு யாரும் இல்லை. இதைச் சொல்லி உன்னிடம் இரக்கம் கேட்கவில்லை.

ஊருக்கு வரலாமா அக்கா? நாசரேத்தோடு நின்றுகொள்கிறேன், தூத்துக்குடிப் பக்கம் வரவில்லை. உன் முகத்தில் விழிக்கத் தைரியம் இல்லை.

ஃபூல்மணி இன்றும் கேட்டாள், அந்த அட்டை எங்கே என்று.

பெவின்


மில்லர்புரம்
20 நவம்பர் 2024

பெவினுக்கு,

அதென்ன நாசரேத்தோடு நிற்பது? பிள்ளை பிறக்கும்போது நீ இல்லாமல் இருந்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்லவேண்டும். வா. வந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் இங்கே வா. என் வீட்டை விட்டால் இருபத்தொரு வீடு இருக்கிறது. சாகுபுரம் வரைக்கும் சிதறிக் கிடக்கிறது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நீ நின்று உன் வாயால் சொல்லவேண்டும். நான் கூட வருவேன், ஆனால் உனக்காக ஒரு வார்த்தை பேசமாட்டேன். செல்லக்கிளி வீட்டில் சத்தமாகச் சொல்லு. செருப்பைக் கழற்றியவள் வீட்டுக்குக் கடைசியில் போகலாம்.

அந்த ராஜினாமாத் தாளை ஏமாற்றி வாங்கினார்கள் என்று இருபத்திரண்டு பேரும் கேஸ் போட்டிருக்கிறோம். லாத்தா தனக்கு ஆனது ஆயிற்று என்று இருக்காமல் எங்களோடு அலைகிறாள். வக்கீல் அக்டோபரில் நீ எழுதிய கடிதத்தைக் கேட்டார், கொடுத்திருக்கிறேன். கோர்ட்டில் வந்து, எழுதியது நான்தான், முதல் கடிதத்தைச் சொல்லி எழுதவைத்தது இன்னார்தான் என்று நீ சொல்லவேண்டும். அந்த வாட்ஸாப்பை அழித்துத் தொலைத்துவிடாதே. ஜெயிப்போமா என்று தெரியவில்லை. நான் இப்போது வீட்டில் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. தீருமா என்றும் தெரியாது. சாப்பிடும்போது நினைவு வந்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது. அதையும் நீ தெரிந்துகொள்.

அட்டையைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அது எனக்கு வந்த வசனம், மிஷினுக்கு வந்ததில்லை. என் மனசில் உறுத்துவது வேறு. பதினொரு வருஷம் மாரக்காள் பெயர் மேல்தான் அட்டைக்கு மேல் அட்டையாக ஒட்டினேன். அந்தத் திருப்பூர்க்காரி யார், மிஷின் போன பிறகு என்ன ஆனாள், அவளிடம் என்ன சொல்லி எழுப்பினார்கள் என்று ஒருநாள்கூட நான் கேட்டதில்லை. எனக்கு வேலை கிடைத்தது, அதோடு சரி என்று இருந்துவிட்டேன்.

முப்பதாம் தேதிக்குள் ஒரு காரியம் செய். நாற்பத்தேழின் டிராயரைக் கழற்றி, மாரக்காள் பெயருக்குக் கீழே 'ஜெபசுதா, தூத்துக்குடி' என்று ஆழமாகக் கீறு. அதற்குக் கீழே அந்தப் பிள்ளை தன் பெயரைத் தன் கையாலே கீறட்டும். அவள் பாஷையில் அவளுக்கு விளங்கும்படி சொல். இந்த மிஷின் ஒருநாள் இங்கிருந்தும் போகும். லாரி வரும். சர்வீஸ் என்பார்கள். அவளுக்கு வேண்டிய ஒருத்தி நல்ல கையெழுத்தில் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து வாசிப்பாள். அப்போது உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொல்.

அக்கா
ஜெபசுதா